நான்கெழுத்து ரத்தினம்

என் அண்ணன் ஞாயிறுதோறும் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, சங்கேதக் குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றைத் தயாரித்துத் தருவார். அதில் ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் பொருளோடு, விடையின் எழுத்துகளைக் காட்டும் சொல்விளையாட்டு ஒன்றும் ஒளிந்திருக்கும். அவர் தந்த முதல் புதிரில், "இன்ப வளம் உள்ளடக்கிய ரத்தினம் (4)" என்றொரு குறிப்பு இருந்தது. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதால், நவரத்தினங்களை ஒவ்வொன்றாக எழுத்தெண்ணிப் பார்த்தேன். வைரமும் நீலமும் முத்தும் மூன்றெழுத்தில் நின்றுவிட, மரகதமும் மாணிக்கமும் ஐந்துக்குப் போய்விட, பவளம் மட்டுமே பொருந்தியது. எழுதிக் காட்டினேன். "சரி, இன்ப வளம் எதற்கு?" என்று அண்ணன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை இரு சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதிப் பார்த்தபோதுதான், முன்னால் இருக்கும் "இன்" நீங்கினால் மிச்சமெல்லாம் பவளம் என்பது கண்ணில் பட்டது. காரணம் தெரியாமல் நிரப்பிய கட்டத்தை நான் விடுவித்ததாகக் கணக்கில் வைப்பதில்லை.

"நாலில் ஒரு பங்கு உண்ணும் உறுப்பு பாசனத்துக்கு உதவும் (4)" என்ற குறிப்பில் கால், வாய் என்று பிரித்துக் கால்வாயை எளிதாகவே பிடித்துவிட்டேன். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் கூறும் பிரிமொழிச் சிலேடையை, அதாவது சொல்லைப் பிரித்து வேறு பொருள் காட்டும் அணியை, படித்தவர்களுக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது.

நாங்கள் வாதாடியது வேறொரு குறிப்புக்காக. "கை வாடச் சுழன்று மாதந்தோறும் தருவது (3)" என்று அண்ணன் எழுதியிருந்தார். விடை வாடகை, ஆனால் புணர்ச்சியில் வந்த "ச்" எங்கே போயிற்று என்று கேட்டேன். லண்டன் 'அப்சர்வர்' இதழில் 1939 முதல் ஜிமினீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்தவர் வற்புறுத்திய நெறியை, அவருக்குப் பின் வந்த அஸெட், துல்லியமான பொருள் விளக்கம், நேர்மையான சொல்விளையாட்டு, இவை தவிர வேறெதுவும் கூடாது என்று சுருக்கிச் சொன்னார். எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் குறிப்பில் ஓர் ஒற்று மிஞ்சி நின்றால், மூன்றாவது நிபந்தனை அங்கே முறிந்துவிடுகிறது. சற்று யோசித்த அண்ணன், "கை வாட மாறினால் மாதந்தோறும் தருவது" என்று திருத்தினார். மகரத்துக்கு முன் ஒற்று மிகாது.

அடுத்த ஞாயிறு அவர் தந்த குறிப்பு, "பசைச் சிதறலில் தெரியும் நிறம் (3)" என்பது. இம்முறை "ச்" வீணாகவில்லை; பசையின் இரண்டு எழுத்துகளுக்கு நடுவில் போய் அமர்ந்து, பச்சை ஆகிவிட்டது.