காங்கேயம் மாட்டுப் பக்கத்துக்கு பேனர்: போன்ல எழுத்து வெட்டுப்படுது, யூடியூப்ல காளையோட வயிறு மட்டும் தெரியுது. உதவி வேணுமுங்க

மயிலைக்காளை, வெள்ளகோவில்

வணக்கமுங்க. காங்கேயம் மாடு வளர்க்கிறவங்களும் விரும்புறவங்களும் சேர்ந்து நடத்துற ஃபேஸ்புக் பக்கம், யூடியூப் சேனல் ரெண்டுக்கும் பேனர் போடோணும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அடிச்ச 10-க்கு 4 அடி ஃபிளக்ஸோட டிசைன் ஃபைல் இருக்குது. அதையே ஜேபிஜி ஆக்கி ஏத்துனதுல நாலு கோளாறு.

கம்ப்யூட்டர்ல ஃபேஸ்புக் கவர் ஓரளவுக்குச் சரியா நிக்குது. போன்ல பார்த்தா, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் இருக்குற "காங்கேயம் மாடு காப்போம்" வரி "ங்கேயம் மாடு காப்" ஆயிருச்சு. வலது ஓரத்துக் காளைக்குக் கொம்பு நுனியும் போச்சு.

ரெண்டாவது, நிறம். ஃபிளக்ஸ்ல நல்லா இருந்த பச்சை, திரையில கண்ணைக் கூசுது. மயிலைக் காளை (சாம்பல் நிறக் காளை) நீலமடிக்குது. கறுப்பு மேல இருக்குற சிவப்பு எழுத்தோட ஓரம் கசிஞ்ச மாதிரி தெரியுது.

மூணாவது, "கொறங்காடு"ன்னு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) ஒரு வார்த்தை புதுசா சேர்க்கலாம்னு போட்டோஷாப்ல ஒட்டுனா, ஒற்றைக்கொம்பு "க"வுக்கு முன்னால வராம பின்னால போய் நிக்குது. வெர்ஷன் சிஎஸ்5.

நாலாவது, யூடியூப். 2560 × 1440 கேட்டுச்சுன்னு காளைப் படத்தை அந்த அளவுக்கு நிறைச்சு ஏத்துனேன். கம்ப்யூட்டர்ல வயித்துப் பாகம் மட்டும் பட்டையா தெரியுது.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க.

தறிவடிவம், பல்லடம்

வணக்கம் தம்பி. முதல் கோளாறும் நாலாவது கோளாறும் ஒரே நோய்தான். ஃபிளக்ஸுக்கு ஒரே ஓரம். பேனருக்கு அப்படி இல்லை, கருவிக்கு ஒரு ஓரம். அதனால படம் தேடுறதுக்கு முன்னாடி, எந்த இடம் எல்லாக் கருவியிலயும் தெரியும்னு கோடு போட்டு வெச்சுக்கோணும்.

ஃபேஸ்புக் பக்கத்தோட கவர் கம்ப்யூட்டர்ல 851 × 315, போன்ல 640 × 360 விகிதத்துல தெரியும். முதலாவது ஒல்லிப் பட்டை, அடுத்தது டிவி மாதிரி 16-க்கு 9. உங்க ஃபிளக்ஸ் ரெண்டரைக்கு ஒண்ணு. போன் அதோட உயரத்தை முழுசா எடுத்துட்டு, அகலத்துல இடமும் வலமும் ஏழுல ஒரு பங்கு வெட்டிரும். "கா"வும் "போம்"மும் போனது அந்த ஏழுல ஒரு பங்குதான்.

புது ஃபைல் 1640 × 720 பிக்சல்ல தொறங்க. இடம், வலம் 180 பிக்சல் விட்டுக் கோடு. மேல, கீழ 60 விட்டுக் கோடு. நடுவுல மிஞ்சுற 1280 × 600 ரெண்டுலயும் தெரியும். எழுத்து, கொம்பு, திமில் எல்லாம் இதுக்குள்ள அடங்கோணும். வெளிய வானம், புல், வேலி இருக்கட்டும், வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை. கீழ் இடது மூலையில புரொஃபைல் படம் ஏறி உட்காரும், அங்க எழுத்து வேண்டாம்.

யூடியூப்ல 2560 × 1440 முழுசும் தெரியுறது டிவியில மட்டும். கம்ப்யூட்டர்ல முழு அகலம் இருக்கும், உயரம் நடுப்பட்டை 423 பிக்சல்தான். போன்ல நடுவுல 1546 × 423. படத்தோட உயரத்துல பத்துல மூணு பங்குகூட இல்லாத பட்டை அது, காளையை மேல இருந்து கீழ வரைக்கும் நிறைச்சா வயித்துலதான் விழும். போட்டோஷாப்ல வியூ மெனுவுக்குள்ள நியூ கைடு போய், நெடுக்குக்கோடு 507-லயும் 2053-லயும், குறுக்குக்கோடு 509-லயும் 932-லயும் போடுங்க. நாலு பக்கமும் ஏறக்குறைய 508 விட்டா சரின்னு ஞாபகம் வெச்சுக்கலாம். இந்த வெத்து ஃபைலைத் தனியா சேமிச்சு வைங்க, ஒவ்வொரு வருசச் சந்தைக்கும் உதவும்.

ஏத்தும்போது யூடியூப் ஸ்டூடியோவுல கஸ்டமைசேஷன், பேனர் இமேஜ் போனீங்கன்னா டிவி, டெஸ்க்டாப், எல்லாக் கருவியும்னு மூணு கட்டம் காட்டும். உள்கட்டத்துல கொம்பு நுனி இருக்குதான்னு பார்த்துட்டு அப்புறம் அமுக்குங்க.

அச்சுமை, ஈரோடு

நிறத்துக்கு நான் சொல்றேனுங்க. ஃபிளக்ஸ் ஃபைல் சிஎம்ஒய்கே முறையில இருக்கும், நாலு மைக்கான கணக்கு அது. திரைக்கு ஆர்ஜிபி வேணும், அது சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்துக்கான கணக்கு. சிஎம்ஒய்கே ஜேபிஜியை அப்படியே ஏத்தினா, மாத்துற வேலையை அந்தத் தளம் தன் இஷ்டத்துக்குச் செய்யும். பச்சை கூசுறதும் மயிலை நீலமடிக்கிறதும் அதனால.

எடிட் மெனுவுல "கன்வெர்ட் டு புரொஃபைல்" எடுத்து எஸ்ஆர்ஜிபி (திரைக்கான பொதுவான ஆர்ஜிபி) கொடுங்க. பக்கத்துலயே "அசைன் புரொஃபைல்" இருக்கும், அதைத் தொடாதீங்க. அது எண்ணை விட்டுட்டு லேபிளை மட்டும் மாத்தும், நிறம் இன்னும் மோசமாகும். கேமராவுல அடோபி ஆர்ஜிபின்னு வெச்சு எடுத்த போட்டோவுக்கும் இதே கன்வெர்ட்தான், இல்லேன்னா வெளிறித் தெரியும். ரெசல்யூஷன் 72-ஆ 300-ஆன்னு மண்டையை உடைக்காதீங்க, திரைக்குப் பிக்சல் எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு.

சிவப்பு எழுத்து கசியுறது ஜேபிஜியோட குணம். வெளிச்ச வேறுபாட்டை அது கவனமாச் சேமிக்கும், நிற வேறுபாட்டை நாலு பிக்சலுக்கு ஒண்ணாச் சுருக்கிரும். கறுப்பு மேல சிவப்புக்கு வெளிச்சத்துல வித்தியாசம் கம்மி, நிறத்துலதான் வித்தியாசம் முழுக்க. சுருக்குறப்ப ஓரம் கரையும். போட்டோஷாப்ல சேவ் ஃபார் வெப் தரம் 51-க்கு மேல வெச்சா இந்தச் சுருக்கல் நடக்காது. ஆனா ஃபேஸ்புக் வாங்கி மறுபடி அமுக்குறதை நாம தடுக்க முடியாது. அதனால எழுத்து நிறத்தையே மாத்துங்க. கரும்பச்சை இல்லேன்னா கருப்பழுப்பு மேல வெண்சந்தன நிறம், ஆர்ஜிபியில 255, 244, 214 போட்டுப் பாருங்க. எத்தனை தடவை அமுக்கினாலும் ஓரம் நிக்கும். சிவப்பு வேணும்னா கீழ ஒரு பட்டையாக் கொடுங்க, எழுத்துல வேண்டாம்.

எல்லாத்தையும் பிஎன்ஜியா ஏத்துங்க, கசியவே கசியாது.

தறிவடிவம், பல்லடம்

பிஎன்ஜி விசயத்துல மட்டும் ஒரு திருத்தமுங்க. ஃபேஸ்புக் கவர்ல எழுத்து, சின்னம் இருந்தா பிஎன்ஜி நல்லதுதான். யூடியூப் பேனருக்கு 6 எம்பி வரம்பு. கொறங்காட்டுப் புல் நிறைஞ்ச போட்டோ 2560 அகலத்துல பிஎன்ஜியாப் போனா அதைத் தாண்டிரும். அங்க ஜேபிஜி, தரம் 80-ல இருந்து 85.

அச்சுமை, ஈரோடு

சரிதானுங்க. புல்லு ஒவ்வொண்ணும் தனித்தனி விவரம், பிஎன்ஜி அதைச் சுருக்கத் திணறும். யூடியூப்புக்கு ஜேபிஜியே போடுங்க.

எழுத்தாணி, கோபி

மூணாவது கோளாறு: தமிழ் யூனிகோட்ல "கொ" என்பது க, அதுக்கப்புறம் ஒகரக் குறி, இப்படித்தான் சேமிக்கப்படுது. கொம்பைப் பிரிச்சு முன்னால கொண்டு வர்றது மென்பொருளோட வேலை. சிஎஸ்5-ன் சாதாரணப் பதிப்புக்கு அது தெரியாது. ஃபான்ட் மாத்திப் பிரயோசனம் இல்லை.

புது போட்டோஷாப்ல பாராகிராஃப் பேனல் மெனுவுல "வேர்ல்ட்-ரெடி லேஅவுட்" தேர்ந்தெடுத்தா எழுத்து சேர்ந்துக்கும். இடைக்கால வெர்ஷன்ல பிரிஃபரன்சஸ், டைப் போய் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்" கொடுத்து, மூடித் திறந்த பிறகு அந்த லேஅவுட்டை எடுக்கணும். சிஎஸ்5-ஐ வெச்சே ஓட்டணும்னா எழுத்தை இங்க்ஸ்கேப்ல அடிங்க. இலவசம், தமிழ் ஒழுங்கா சேரும். பின்னணி இல்லாத பிஎன்ஜியா, வேணுங்கிற அளவுக்கு ரெண்டு மடங்கு பெருசா எக்ஸ்போர்ட் பண்ணி, போட்டோஷாப்ல லேயரா வெச்சுச் சுருக்குங்க.

ஃபிளக்ஸ் ஃபைல்ல இருக்குற பழைய எழுத்து பாமினி மாதிரி, யூனிகோட் இல்லாத ஒரு பழைய ஃபான்ட்டா இருக்கலாம். காப்பி பண்ணி வெளிய ஒட்டிப் பாருங்க. ஆங்கில எழுத்தா வந்து, புள்ளி வர்ற இடமெல்லாம் அரைப்புள்ளி இருந்தா பாமினிதான். படத்துக்குள்ள அது இருக்கலாம், தப்பில்லை. பக்கத்தோட பேரு, விவரம் ரெண்டையும் யூனிகோட்ல அடிச்சாத்தான் தேடுறவங்களுக்குக் கிடைக்கும்.

ஃபான்ட்டுக்கு முக்தா மலர், கேடமரான், பலூ தம்பி 2 மூணும் இலவசம், தடிமனும் பல அளவுல உண்டு. ஃபிளக்ஸ்ல போடுற மாதிரி எழுத்தைச் சுத்தித் தடியா ஸ்ட்ரோக் கொடுக்காதீங்க. ஸ்ட்ரோக் உள்பக்கமும் வீங்கும், "ண"வோட சுழி அடைஞ்சு "ன" ஆகிடும். "கண்ணபுரம்" போன்ல "கன்னபுரம்" ஆனா உள்ளூர்க்காரங்களுக்கு எப்படி இருக்கும்? வரி இடைவெளி எழுத்தளவைப் போல 1.3 மடங்கு வைங்க, இல்லேன்னா மேல்வரி "கூ"வோட வாலும் கீழ்வரி "கி"யோட கொக்கியும் முட்டிக்கும்.

கிளுவைவேலி, காங்கேயம்

டிசைன் பத்தி மத்தவங்க சொல்லிட்டாங்க. மாட்டைப் பத்தி நான் சொல்றேன் தம்பி, இங்க தப்பினா கோடு எவ்வளவு நேரா இருந்தும் நம்மாளுங்க ஏத்துக்க மாட்டாங்க.

பக்கவாட்டுல நிக்குற காளை ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கத்துல வரும். யூடியூப் பட்டையோ மூணரைக்கு ஒண்ணு. முழுக்காளை அதுல அகலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல அடைக்காது. அதனால எட்ட நின்னு எடுத்த படமா வேணும். காளை வலது பக்கம், முகம் நடுவுல இருக்குற எழுத்தைப் பார்த்து. இடது பக்கம் கிளுவை வேலி படுக்கையா ஓடுனா பட்டைக்கு அழகாப் பொருந்தும். வெள்வேல மரம் ஒண்ணு தூரத்துல நின்னா போதும், அது நம்ம கொறங்காடுதான்னு எவரும் சொல்லிருவாங்க.

சித்திரையில கண்ணபுரத்துல எடுத்த படத்துல தரையும் வெளுத்திருக்கும், மயிலையும் வெளுத்திருக்கும், ரெண்டும் ஒண்ணாக் கரைஞ்சிரும். ஐப்பசி மழைக்கப்புறம் கொழுக்கட்டைப் புல் பச்சை கட்டியிருக்கும்போது, காலையில வெயில் ஏறுறதுக்குள்ள, சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்குற மாதிரி எடுங்க. காளையோட வயித்து உயரத்துக்குக் குனிஞ்சு எடுக்கோணும். நின்னுக்கிட்டு எடுத்தா கால் குட்டையாத் தெரியும், திமில் வானத்துல ஏறாம முதுகோட படுத்திரும்.

வலையில கிடைக்கிற படத்தை நம்பி எடுத்துராதீங்க. காங்கேயம்னு பேர் போட்டு ஓங்கோல் காளை நிறைய சுத்துது. ஓங்கோலுக்குக் கொம்பு குட்டை, அலைதாடி (கழுத்துக்குக் கீழ இருக்குற தோல்) பெருசாத் தொங்கும். நம்முதுக்குக் கொம்பு வெளிய விரிஞ்சு பின்னால வளைஞ்சு மேல ஏறும், அலைதாடி மெல்லிசு. காளைக்குத் திமிலும் முன்னங்காலுக்கு மேலயும் தொடையும் கறுத்திருக்கோணும். செவலையில வெள்ளைத் திட்டு இருந்தா அது பர்கூர் மாடு. ஏஐ வரைஞ்ச படமும் வேண்டாம், கொம்பையும் திமிலையும் இஷ்டத்துக்கு வரையும்.

மயிலைப் பசுவோட செங்கன்னு நிக்குற படம் இருந்தா தயங்காமப் போடுங்க. கன்னு சிவப்பாப் பொறந்து ஆறு மாசத்துலதான் சாம்பலாகும். மாட்டுக்காரரோட சம்மதம் வாங்கிக்குங்க, எடுத்தவர் பேரை விவரத்துல எழுதுங்க.

மயிலைக்காளை, வெள்ளகோவில்

ரொம்ப நன்றிங்க எல்லார்த்துக்கும். கோடு போட்டாச்சு, எஸ்ஆர்ஜிபி ஆக்கியாச்சு, பச்சை அடங்கிருச்சு. இங்க்ஸ்கேப்ல "கொறங்காடு" ஒழுங்கா வந்துச்சு. பாக்கி ரெண்டு இருக்குதுங்க. மழைக்காலத்துப் படம் ஒண்ணு வாட்ஸ்அப்ல வந்தது, 2560-க்கு இழுத்தா புல்லெல்லாம் குழம்பிப்போகுது. யூடியூப்ல பேரு, ஊரு, போன் நம்பர், சந்தைத் தேதி நாலும் கோட்டுக்குள்ள அடங்கியும் போன்ல படிக்க முடியல.

தறிவடிவம், பல்லடம்

வாட்ஸ்அப் சாதாரணமா அனுப்புற படத்தை நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிரும். எடுத்தவர்கிட்ட டாகுமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, மூலப்படம் அப்படியே வரும்.

எழுத்துக்குக் கணக்கு இதுதான். போனோட அகலம் ஆறரை சென்டிமீட்டர்னு வைங்க. 1546 பிக்சல் அதுக்குள்ள சுருங்கும். "க" 40 பிக்சல் உயரம்னா கையில 1.7 மில்லிமீட்டர், படிக்க முடியாது. 90 பிக்சல் இருந்தா 3.8 மில்லிமீட்டர், தெளிவாத் தெரியும். ஃபான்ட் அளவு எண்ணைப் பார்க்காதீங்க, ஃபான்ட்டுக்கு ஃபான்ட் மாறும். "க"வோட உயரத்தை ஸ்கேல் வெச்சு அளங்க. 423 உயரத்துல அந்த அளவுல ஒரு வரி, கீழ 60 பிக்சல்ல ஒரு சின்ன வரி, அவ்வளவுதான் கொள்ளும். மேல பேரு, கீழ "காங்கேயம் மாடு காப்போம்". போன் நம்பரையும் தேதியையும் எடுத்துருங்க. படத்துல இருக்குற நம்பரைத் தொட்டா அழைப்பு போகாது, விவரப் பகுதியில எழுதுனா போகும். தேதி சந்தை முடிஞ்ச மறுநாளே பழசாயிரும், அதுக்குத் தனிப் பதிவு போடுங்க.

கிளுவைவேலி, காங்கேயம்

புரொஃபைல் படத்தையும் இப்பவே பார்த்துருங்க தம்பி. அது வட்டமா வெட்டும், விரிஞ்ச கொம்புக்கு அதுதான் எமன்.

தறிவடிவம், பல்லடம்

ஆமாங்ணா. 800 × 800-ல செய்யுங்க தம்பி. வட்டத்துக்குள்ள அடங்குற சதுரம் 565 பிக்சல். ரெண்டு கொம்பு நுனியும் முகவாயும் அதுக்குள்ள இருக்கோணும். காளையை நேருக்கு நேர் எடுத்த படத்துல கொம்புக்கு வெளிய இடம் இல்லேன்னா, முகத்தைச் சின்னதாக்கி பின்னணியை அதே கரும்பச்சையால நிரப்புங்க. பேனருக்கும் அந்த நிறம்தானே, ரெண்டும் சேர்ந்து தெரியும்.