ஊட்டி இ-பாஸ் எடுத்தா பொட்டானிக்கல் கார்டன் உள்ள கார் விடுவாங்களா?

சேலத்துப்பையன்:
மே மாசம் சனி ஞாயிறு அம்மா அப்பாவோட ஊட்டி போலாம்னு இருக்கோம், சொந்த கார். அம்மாவுக்கு மூட்டு வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. இ-பாஸ் கட்டாயம்னு தெரியும், ஆனா அது ஆளுக்கு ஒண்ணா வண்டிக்கு ஒண்ணா? அந்த பாஸ் இருந்தா கார்டன் உள்ளயே கார் போகுமா, இல்ல அதுக்கு தனி பெர்மிட் எடுக்கணுமா? திங்கக்கிழமை அப்படியே மசினகுடி வழியா மைசூர் போற பிளான்.

மலைப்பாதை:
வண்டிக்கு ஒண்ணுதான். ஃப்ரீ, யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி, இதுதான் சைட். வண்டி நம்பர், எத்தன பேரு, எந்த தேதி வர்றீங்க எப்ப கிளம்புறீங்க, எங்க தங்குறீங்க, இதெல்லாம் கேப்பான். போட்டு முடிச்சா க்யூஆர் கோடு வரும், செக்போஸ்ட்ல அத ஸ்கேன் பண்ணுவாங்க.

ஆனா சனி ஞாயிறுங்கறதால சீக்கிரம் போடுங்க. 2024 மே 7ல ஹைகோர்ட் உத்தரவுல இது ஆரம்பிச்சப்ப கேட்டவங்களுக்கெல்லாம் பாஸ் கிடைச்சுது, 2025 சீசனுக்குத்தான் வாரநாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000ன்னு கோர்ட் கணக்கு வெச்சுது. முந்தின நாள் ராத்திரி உக்காந்து போட்டுக்கலாம்னு இருந்தீங்கன்னா மேட்டுப்பாளையத்துல ரூம் தேட வேண்டியதுதான்.

கார்டன் உள்ள காரா? வாய்ப்பே இல்ல. இ-பாஸ் மாவட்டத்துக்குள்ள நுழையறதுக்கு மட்டும். கார்டனுக்கு வெளியதான் பார்க்கிங், உள்ள ஆளுக்கு டிக்கெட். அது 1848ல சரிவுல போட்ட தோட்டம், மேல போகப்போக ஏத்தம்தான். அம்மாவ கீழ இருக்கற புல்வெளிகிட்டயே உக்கார வெச்சுடுங்க, அங்கயே பாக்க நெறைய இருக்கு.

கல்லார்ல_மாட்டுனவன்:
நான் பண்ணுன கூத்த கேளுங்க. மாமா கார் நம்பர்ல பாஸ் போட்டேன், கிளம்புற அன்னிக்கு காலைல அதுல ஏசி போச்சு, சரின்னு என் காரையே எடுத்துட்டு வந்துட்டேன், பாஸ்தான் இருக்கேன்னு நெனப்பு. கல்லார் செக்போஸ்ட்ல நம்பர் ஒத்து வரலன்னு ஓரங்கட்டிட்டாங்க. ரோட்டோரம் நின்னு ஃபோன்ல மறுபடி போட்டு, பின்னாடி குழந்தைங்க அழுக, ஒரு மணி நேரம் காலி. அன்னிக்கு வாரநாளா இருந்ததால பொழச்சேன். அங்கயே தண்ணி பாட்டிலையும் எடுத்துக்கிட்டாங்க, சின்ன பிளாஸ்டிக் பாட்டில் நீலகிரிக்குள்ள ஆகாது, வீட்ல இருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்க.

மலைப்பாதை:
@கல்லார்ல_மாட்டுனவன் ஏசி இல்லாமயே ஊட்டி போயிருக்கலாமேண்ணா 😄

குன்னூர்க்காரி:
மைசூர் விஷயத்த யாருமே சொல்லல. ஊட்டில இருந்து கல்லட்டி வழியா மசினகுடி இறங்க வெளியூர் வண்டிய விட மாட்டாங்க, 36 கொண்டை ஊசி வளைவு, பிரேக் சூடாகி நெறைய வண்டி கவுந்திருக்கு. இதுக்கும் இ-பாஸுக்கும் சம்பந்தமே இல்ல, பாஸ காட்டி சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல. கூடலூர் போயி முதுமலை வழியா போங்க. ராத்திரி 9 மணிக்கு பந்திப்பூர் ரோட்ட மூடுனா காலைல 6 மணிக்குத்தான் தொறப்பாங்க, அதனால மதியமே கிளம்பிடுங்க.

சீசன்ல மேல வர்றதுக்கு குன்னூர் ரோடு, இறங்க கோத்தகிரி ரோடுன்னு ஒன்வே ஆக்குவாங்க, அதையும் கேட்டுக்கோங்க.

சேலத்துப்பையன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கல்லட்டி விஷயம் சுத்தமா தெரியாது. இன்னொண்ணு, சித்தி பையன் குன்னூர்லதான் இருக்கான், அவன் வண்டி டி.என். 43. எங்க கார மேட்டுப்பாளையத்துல விட்டுட்டு அவன வரச்சொன்னா?

குன்னூர்க்காரி:
டி.என். 43 நீலகிரி ரெஜிஸ்ட்ரேஷன், அதுக்கு பாஸ் வேண்டாம். கவர்மென்ட் பஸ், ரயில்ல வந்தாலும் வேண்டாம். ஆனா சீசன் சனிக்கிழமைல அவன மலை இறங்கி ஏற வெக்கிறதுக்கு பதிலா நீங்க காலைல 7.10 மலை ரயில் பிடிச்சு வாங்க, டிக்கெட் மட்டும் முன்னாடியே போட்டுடுங்க. அவன் குன்னூர் ஸ்டேஷன்ல வந்து கூட்டிக்கட்டும். மைசூர் பிளான் மட்டும் கட்டாகும், கார் கீழ நிக்குதே.

சேலத்துப்பையன்:
அம்மாகிட்ட ரயில்னு சொன்னேன், மைசூர் வேண்டாம்னுட்டாங்க 😀 டிக்கெட் பாத்துட்டு சொல்றேன்.