தடுப்பூசி வரிசையில் படப் புத்தகம்: வேண்டுமா, வேண்டாமா?

செம்மண்:
எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காலை 9 மணிக்கு வரும் தாய்மார்கள் 11 மணி தாண்டியும் வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்கள். கூட வந்த மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் கையில் அம்மாவின் கைப்பேசி. அந்த மரத்தடியில் கயிறு கட்டி 40 படப் புத்தகங்களைத் தொங்கவிட வேண்டும், பஸ் நிறுத்தத்திலும் ஓர் அலமாரி வைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 15 கிராம சபையில் கேட்கப்போகிறேன். மாற்றுக் கருத்து உண்டா?

கிளைநூலகர்:
உண்டு. 22 ஆண்டுகளாகக் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகக் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்தில் நடக்கும் நூலகத்துக்குப் பிள்ளையை அழைத்து வாருங்கள். மரத்தடிப் புத்தகம் ஒரு மழைக்குத் தாங்காது. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்திலும் அலமாரி வைத்தார்கள். மூன்றாம் மாதம் அதில் கிடந்தவை பழைய வார இதழ்களும் காலித் தண்ணீர்ப் பாட்டில்களும்தான்.

செம்மண்:
ஐயா, கூலி வேலைக்குப் போகும் தாய் நூலகத்துக்கென்று அரை நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியுமா? ஊசி போடும் இடத்துக்கு எப்படியும் வருகிறார். 1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்கள் இதைத்தான் தொடங்கினார்கள்: பரிசோதனைக்கு வரும் பிள்ளைக்கு ஒரு புத்தகம், அதை வாசித்துக் காட்டத் தாய்க்கு யோசனை. அவ்வளவு தூரம் போவானேன்? எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட 1931லேயே மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது.

கிளைநூலகர்:
அந்த வண்டியோடு ஆள் போனார் ஐயா! உங்கள் கயிற்றுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? அதுதான் என் கேள்வி.

மல்லிகைப்பந்தல்:
நான் அங்கன்வாடிப் பணியாளர். நூலகர் ஐயா கேட்பது சரியான கேள்வி. ஆனால் கிழியும், தொலையும் என்ற பயத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை புத்தக முனையைக் கடிக்கத்தான் செய்யும். போன வாரம் ஒரு தாயிடம் யானைப் புத்தகத்தை நீட்டினேன். "எனக்கு எழுத்துத் தெரியாது அக்கா" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். யானை குளத்துக்குப் போனது, சேற்றில் வழுக்கி விழுந்தது என்று அவரே கதை கட்டினார். அப்படி விழுந்ததாக அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை. மகள் முந்தானையைப் பிடித்து இழுத்து, யானையை நான்கு தரம் விழவைத்தாள்.

கிளைநூலகர்:
அம்மா, காணாமல்போன சிறுவர் புத்தகங்களுக்கு ஒருமுறை என் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்கள். அன்றிலிருந்து சிறுவர் புத்தக அலமாரியைப் பூட்டியே வைத்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கே வேதனையாக இருக்கிறது. 40 வேண்டாம், 15 புத்தகங்களோடு நானே வருகிறேன். புதன் காலை என் பணி நேரம் என்பதால் மேலதிகாரியிடம் எழுதி அனுமதி கேட்கிறேன். பஸ் நிறுத்த அலமாரிக்கு மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செம்மண்:
பஸ் நிறுத்தத்தை நானும் விடுவதாக இல்லை ஐயா. அதைக் கிராம சபையில் பேசிக்கொள்வோம். புதன்கிழமைக்குப் பாய் என் பொறுப்பு.