"இறைவா உமக்கு நன்றி" என்று பூசையில் விவிலிய வாசகம் முடிந்ததும் பதில் சொல்ல வாய் வராத நாள் உங்களுக்கு உண்டா?

வாரநாள் வாசகி:
2025 ஆகஸ்ட் 21, பொதுக்காலம் 20ஆம் வாரம் வியாழன். காலைப் பூசைக்கு முதல் வாசகம் என் முறை. பழைய ஏற்பாட்டில் வரும் இஸ்ரயேல் தலைவன் இப்தாவின் கதை. தெரிந்ததுதான்: போரில் வென்றால் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொள்கிறான், மேளம் கொட்டி ஆடிக்கொண்டு வருவது ஒரே மகள். முந்தின ராத்திரி ஒரு தடவை கண்ணை ஓட்டியதோடு சரி. அரோயேர், மின்னித்து என்று அந்த ஊர்ப் பெயர்களில் தடுமாறாமல் இருந்தால் போதும் என்ற நினைப்பு எனக்கு.

அவன் உடையைக் கிழித்துக்கொண்டு கதறும் இடத்தில்தான் உறைத்தது. நேர்ந்தது அவன், பழி மகள்மேல். என்னை இப்படித் துன்பத்தில் தள்ளிவிட்டாயே என்று அவளிடம் சொல்கிறான். தொண்டை அடைத்துவிட்டது. எப்படியோ முடித்து நிமிர்ந்து "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றேன். இருந்த பத்துப் பதினைந்து பேரும் தினமும் சொல்கிற அதே ராகத்தில் "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு அம்மா மட்டும் சொல்லவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு என்னையே பார்த்தார், நானே ஏதோ செய்துவிட்டது போல. அதற்கு அடுத்த பதிலுரைப் பாடல் என்ன தெரியுமா, "இதோ வருகிறேன், உம் திருவுளம் நிறைவேற்ற". அதையும் நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மறையுரை முழுக்க நற்செய்தியில் வந்த திருமண விருந்தும் திருமண உடையும்தான். இப்தாவின் மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டுக்கு வந்து விவிலியத்தைப் புரட்டினால், வாசகம் 39ஆம் வசனத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. விட்டுப்போன மிச்சம், இஸ்ரயேல் பெண்கள் ஆண்டுதோறும் நான்கு நாள் அவளுக்காகப் புலம்பும் வழக்கம். கொன்றதை வாசிக்கலாமாம், அழுததை வாசிக்கக் கூடாதாம்.

மறைக்கல்வி மாமா:
சகோதரி, ஒரு திருத்தம். நாம் நன்றி சொல்வது இப்தா செய்த காரியத்துக்கு அல்ல, இறைவார்த்தை நமக்குக் கொடுக்கப்பட்டதற்கு. அந்தப் பகுதியில் கடவுள் அந்த நேர்ச்சையைக் கேட்கவும் இல்லை, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லவும் இல்லை. பழைய ஏற்பாட்டு நூல்களில் நிறைவற்றவையும் அந்தந்தக் காலத்துக்கு மட்டுமானவையும் உண்டு, ஆனாலும் கடவுள் படிப்படியாகப் பயிற்றுவிப்பது அவற்றில் தெரிகிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடே சொல்கிறது. எபிரேயர் 11:32 இப்தாவை நம்பிக்கை மாந்தர் வரிசையில் வைக்கிறது, அதையும் பாருங்கள்.

எனக்கும் ஒரு தடவை நடந்தது. மகன் ஆஸ்பத்திரியில் இருந்த வருடம், பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவுப் பூசை) ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் வாசகம். வாசித்தேன்.

இனி வாசகர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். வாசகத்தை இரண்டு நாள் முன்பே எடுங்கள், முன்னும் பின்னும் ஒரு அதிகாரம் சேர்த்துப் படியுங்கள், வீட்டில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசி வரிக்கும் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்பதற்கும் நடுவில் மூன்று எண்ணும் அளவு நிறுத்துங்கள், பாதிப் பேர் மூச்சே விடாமல் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். மக்களைப் பார்க்கிறேன் என்று தலையைத் தூக்கித் தூக்கி இறக்காதீர்கள். முக்கியமாக, உணர்ச்சிவசப்படாதீர்கள். நாம் குழாய், தண்ணீர் அல்ல.

இரவுச் செபம்:
மாமா, குழாய்க்கும் வலிக்கும். உங்கள் மகன் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டு மூச்சுவிடும் கணக்கை ஒரு பத்தி எழுதுகிறீர்களே.

எனக்கு நடந்தது திருப்பாடல் (சங்கீதம்) 88. வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வாரம் தவறாமல் வருவது. மற்றப் புலம்பல் பாடல்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் இருக்கும், இதில் கடைசிச் சொல்லே இருள்தான். அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில், நானும் அக்காவும் வெளியே நடைபாதை நாற்காலியில், கைபேசியில் பார்த்து மெதுவாக வாசிக்கிறேன். இருளோடு முடிகிறது. முடிந்த கையோடு "தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவிக்கும் மகிமை" சொல்ல வேண்டும் இல்லையா, என்னால் ஆரம்பிக்க முடியவில்லை. தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே அதைச் சொல்லி முடித்தாள். அவள் நம்பிக்கையில் சொன்னாளா, பழக்கதோஷத்தில் சொன்னாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வெட்டுவது பற்றி: இந்த இரவுச் செபம் அடங்கிய திருப்புகழ்மாலையில், அதாவது திருச்சபையின் அன்றாடச் செபநூலில், 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களும் முழுசாகவே இல்லை. சாபம் அதிகம் என்பதால். 88ஐ மட்டும் எப்படியோ விட்டுவைத்தார்கள், அதற்கு நான் நன்றி சொல்வேன்.

பின்வரிசை:
மாற்கு நற்செய்தியும் அப்படித்தான். ஞாயிறு வாசகங்களின் மூன்றாண்டுச் சுற்றில் இரண்டாம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் 16:7 வரைதான் வாசிப்பார்கள். 8ஆம் வசனத்தில் இயேசுவின் கல்லறைக்கு வந்த பெண்கள் நடுங்கிப்போய் ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அது இல்லாமலே அல்லேலூயா. மற்றபடி என்னிடம் பெரிய கதை இல்லை. 2020 மார்ச் 27, திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் நின்றாரே, புயலை அடக்கும் நற்செய்தி வாசித்த அன்று, அறையில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசகம் முடிந்ததும் வாய் தானாக "கிறிஸ்துவே உமக்குப் புகழ்" என்றது. பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாதபோது என் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் அசிங்கமாக இருந்தது, உண்மையாகவும் இருந்தது.

மறைக்கல்வி மாமா:
வாசகங்களின் அளவைத் தீர்மானிப்பது திருச்சபை. நாம் கூட்டவோ குறைக்கவோ கூடாது. (மகன் இப்போது நலம். அன்றைக்கு ஆபிரகாம் கத்தியை எடுக்கும் வரியில் நின்றுவிட்டேன். ஃபாதர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். அப்புறம்தான் வாசித்தேன்.)

வாரநாள் வாசகி:
மாமா, இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

நான் கூட்டமாட்டேன், பயப்படாதீர்கள். வாரநாள் முதல் வாசகம் இரண்டு ஆண்டுச் சுற்று, 2023இல் அந்த வியாழன் தனி வாசகம் உள்ள திருத்தூதர் பர்த்தலமேயு திருநாளில் விழுந்ததால் இப்தா வரவே இல்லை. இனி 2027 ஆகஸ்ட். பட்டியல் போடுபவரிடம் என் பெயரை இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன், அவருக்குச் சிரிப்பு.

அந்த அம்மாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் அதே இரண்டாம் வரிசையில் வந்து உட்கார்ந்தார். ரூத்து வாசகம், வாசித்தது வேறு ஒருவர். மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று அவள் சொல்கிற பகுதி. "இறைவா உமக்கு நன்றி" என்றார் அந்த அம்மா, மற்றவர்களை விடக் கொஞ்சம் சத்தமாகவே.