வெயிலைப் பிரித்து மின்சாரம்: நம் தோட்டத்துக்குச் சரிவருமா?

தோட்டத்துப்பிள்ளை:
சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்குக் கூரை மாற்றப் போகிறோம். சோலாரும் வைக்கலாம் என்கிறது கமிட்டி. என் வீட்டுக் கூரையில் ஏற்கனவே இருக்கிறது; நண்பகலில் பேனலின் அடியில் கை வைத்தால் சுட்டுவிடும். அவ்வளவு சூடும் வீணாகத்தானே போகிறது? பேனலில் உள்ள சிலிக்கான் சுமார் 1100 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள ஒளியைத்தான் மின்சாரமாக்கும். அதைத் தாண்டிய அகச்சிவப்பில் வெயிலின் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிடக்கிறது. அலைநீளம் பார்த்துப் பிரிக்கும் கண்ணாடி வைத்து, அந்தப் பங்கை வெப்பமின் தகட்டுக்கு (ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால் மின்சாரம் தரும் தகடு) திருப்பினால் இரண்டிலும் மின்சாரம் வரும். கமிட்டியிடம் இதைத்தான் கேட்கப் போகிறேன்.

மில் சார்ஜ்மேன்:
தம்பி, கணக்குப் போடுவோம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட். ஐந்தில் ஒரு பங்கு 200. பிஸ்மத் டெல்லுரைடில் செய்த வெப்பமின் தகடு அதில் 5 சதவீதம் கொடுத்தாலே பெரிது: 10 வாட். அதே இடத்தில் சாதாரண பேனல் 200 வாட் தருகிறது. அந்த 5 சதவீதமும் சும்மா வராது. தகட்டின் இரு பக்கத்துக்கும் நடுவே 200 டிகிரி போல வித்தியாசம் வேண்டும். அதற்கு வெயிலை லென்ஸ் வைத்துக் குவிக்க வேண்டும், சூரியனோடு திரும்ப மோட்டார் வேண்டும். மேகத்தில் சிதறி வரும் ஒளி குவியாது. நம் வானம் தெரியும்தானே? காலையில் பளிச்சென்று இருக்கும், மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்துவிடும்.

தோட்டத்துப்பிள்ளை:
அண்ணே, 10 வாட்டை மட்டும் எண்ணுகிறீர்கள். பேனல் ஒரு டிகிரி சூடேறினால் மின்சாரம் 0.35 சதவீதம் போல இறங்கும். அகச்சிவப்பை முன்னாலேயே விலக்கினால் பேனலும் குளிரும். 10 டிகிரி குறைந்தால் 3.5 சதவீதம் லாபம். தகட்டில் ஓடுகிற பாகமும் இல்லை. 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இந்த வெப்பமின் முறையில்தான் மின்சாரம் எடுக்கின்றன.

மில் சார்ஜ்மேன்:
வாயேஜர் போன தூரத்தில் வெயிலே கிடையாது. புளூட்டோனியத்தின் சூட்டை நம்பியிருக்கிறது, வேறு வழியில்லை. பேனல் குளிரும் என்றது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூச்சில்லாத கண்ணாடியில் ஒரு முகத்திலேயே 4 சதவீத ஒளி திரும்பிப் போகும். நல்ல பூச்சுப் போட்டால் குறையும், விலை ஏறும். பேனலைத் தகரத்திலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள், அடியில் காற்று ஓடட்டும். வெப்பமின் தகட்டில் ஆசை இருந்தால் மில் பாய்லர் புகைக்குழாயைக் காட்டுகிறேன். மில் ஓடும்போதெல்லாம், மழையானாலும் இரவானாலும், சூடு இருக்கும்.

இயற்பியல் டீச்சர்:
கூரை விஷயத்தில் நான் சார்ஜ்மேன் பக்கம். ஆனால் அந்தக் கண்ணாடியை லேசாக நினைக்காதீர்கள். பழைய ஸ்பாட்லைட் ஹாலோஜன் பல்பு இருந்தால் அதன் கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள், நிறம் மாறி மாறி மின்னும். மெல்லிய படலங்களை அடுக்கடுக்காகப் பூசிய கண்ணாடி அது. வெளிச்சத்தை முன்னால் தள்ளும், சூட்டைப் பின்னால் விட்டுவிடும். தம்பி சொல்வதும் இதே வித்தைதான். போன தவணை என் படிவம் நான்கு பிள்ளைகள், கெட்டுப்போன தண்ணீர் மெஷினிலிருந்து பெல்டியர் தகட்டை (அதுவும் வெப்பமின் தகடுதான்) கழற்றி, ஒரு பக்கம் வெந்நீரும் மறுபக்கம் ஐஸும் வைத்தார்கள். பொம்மை மோட்டார் சுற்றியது. ஐஸ் உருகி, வெந்நீரும் ஆற, நின்றுவிட்டது.

தோட்டத்துப்பிள்ளை:
ஐஸ் உருகியதும் நின்றது என்றீர்களே டீச்சர், அதுதான் எனக்கு உறைத்தது. கூரை மேல் அந்தக் குளிர்ந்த பக்கத்தை நாள் முழுக்க யார் காப்பது? சரி, கமிட்டியிடம் சாதாரண பேனலே கேட்கிறேன், ஒரு சாண் இடைவெளியோடு. ஆனால் மேகமில்லாத பாலைவன ஊர்களில் இது எடுபடும் என்பதில் நான் மாறவில்லை. அண்ணே, பாய்லர் குழாயைப் பார்க்க ஞாயிறு வரலாமா?

மில் சார்ஜ்மேன்:
ஞாயிறு மில் ஓடாது. சனி காலை வாருங்கள், பூட்ஸ் போட்டுக்கொண்டு.