கண்மாய்க்கரையில சைக்கிள் போகலாமா? என்ன டேக் போடுறது?

கரைக்காரன்:
மதுரை ஒத்தக்கடை பக்கம் எங்க கண்மாய்க்கரைய, யாரு வேணும்னாலும் திருத்துற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல யாரோ ஃபுட்வேன்னு (நடைபாதை) மாத்தி, சைக்கிள் விடக்கூடாதுன்னு பைசைக்கிள்=நோங்குற டேக்கையும் (குறிப்பு) போட்டு வச்சிருக்காங்க. பத்தாவது படிக்கையில இருந்து அதுல தான் சைக்கிள் மிதிக்கிறேன், ஒரு போர்டு கிடையாது, எவனும் நிப்பாட்டுனது கிடையாது. யெஸ்னு மாத்தப் போறேன், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க.

தெற்குமாசி:
போட்டது நான்தாண்ணே. சாட்டிலைட் படத்துல ஒத்தையடிப் பாதையா தெரிஞ்சுச்சு. ஆனா இந்த மாதிரி ஆக்சஸ் டேக்குங்குறது சட்டப்படி விடுவாங்களாங்குறதுக்கு, யாரு போறா வர்றாங்குறதுக்கு இல்ல. போறத வச்சு யெஸ் போடணும்னா பிளாட்ஃபாரத்துல பைக்க ஏத்துறானுகளே, அதுக்கும் மோட்டார்சைக்கிள்=யெஸ் போடுவீகளா?

கரைக்காரன்:
அது தப்புன்னு ஏத்துறவனுக்கே தெரியும்ல. கரை ஊரே புழங்குற வழி. யெஸ்ஸுக்கு பேப்பர் இல்லன்னா நோவுக்கும் தான் இல்ல, நீங்க எத வச்சு போட்டீக?

தெற்குமாசி:
சரி, நோவ எடுத்துடுறேன், ஒண்ணும் போடாம விட்டுருவோம். மீனாட்சி கோயில் சித்திரை வீதியில தடுப்பு வச்சு வண்டிய விடுறதில்ல, கண்ணுல பாக்குறோம், மோட்டார்_வெஹிக்கிள்=நோ போடலாம். இங்க என்ன இருக்கு?

கரைக்காரன்:
வெறுமனே விட்டாலும் அது நோ மாதிரிதான், அதத்தான் சொல்ல வர்றேன்! ஃபுட்வேன்னு இருந்தா பெரும்பாலும் ரூட் போடுற சாஃப்ட்வேர் சைக்கிள அதுல விடாது, இல்லன்னா எறங்கி தள்ளுன்னு சொல்லும். மேப்ப நம்புற ஸ்கூல் பிள்ள நாலுவழிச்சாலையில லாரிக்கு நடுவுல தான் போகணும். பாத்னு (பொதுவான சின்னப் பாதை) போட்டா தனியா எதுவும் எழுதாமலே பெரும்பாலும் சைக்கிளுக்கும் வழி விட்டுரும்.

டயர்வண்டி:
அறுப்பு நேரத்துல அந்தக் கரையில டிராக்டரே போகுது, நீங்க ஃபுட்வேயா பாத்தான்னு மல்லுக்கட்டுறீக. ஹைவே=டிராக்னு (வயக்காட்டு வண்டிப்பாதை) போடுங்கய்யா.

தெற்குமாசி:
டிராக்னு போட்டா காருக்கும் தொறந்துவிட்ட மாதிரிண்ணே, எவனாவது வந்து சேத்துல சிக்கிக்கிட்டா நம்மளத்தான் வைவான்.

டயர்வண்டி:
அதுக்குத்தான் பாதை எவ்வளவு கெட்டி, மேல என்ன தரைன்னு சொல்ல டிராக்டைப், சர்ஃபேஸ் எல்லாம் இருக்கு. மண்ணுன்னா மண்ணுன்னு எழுது. ஆனா டிராக்டர் மடை வரைக்கும் தான், அதுக்கங்கிட்டு சைக்கிள் அகலம் தான் இருக்கும்.

கரைக்காரன்:
ஆமா, அது சரிதான். மேப்ல மடைகிட்ட கோட்ட ரெண்டா வெட்டி, இங்கிட்டு டிராக், அங்கிட்டு பாத். ஆனா மடை மேல கெடக்குற கல்லுல சைக்கிள தூக்கித்தான் கடக்கணும், அதுக்கு பைசைக்கிள்=டிஸ்மவுண்ட் (எறங்கித் தள்ளு) போடவா?

தெற்குமாசி:
அதுவும் எறங்கித்தான் போகணும்னு சட்டம் இருந்தா போடுறதுண்ணே. அகலத்த அளந்து வித்ங்குற டேக்ல போடுங்க, அளக்குற டேப் இருக்கா?