கடவுள் மன்னித்துவிட்டார் என்று சாட்சி சொன்ன மாமா, அம்மாவிடம் இன்னும் பேசவில்லை

தேரிக்காட்டான்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். லெந்து நாட்கள் நடப்பதால் இதை இங்கே கேட்கிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிப் (செம்மணல் மேடு) பக்கம், சி.எஸ்.ஐ. சபை. தாத்தா படுக்கையில் கிடந்த கடைசி வருடத்தில், பனைவிளையையும் கிணற்றையும் தாய்மாமா தன் பெயருக்கு மட்டும் தானசெட்டில்மென்ட் எழுதி வாங்கிவிட்டார். அம்மாவுக்கும் சித்திக்கும் அடக்க ஆராதனை முடிந்த பிறகுதான் விஷயமே தெரியும். பத்திரம் செல்லும் என்று வக்கீல் சொன்னதால் கோர்ட்டுக்குப் போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மாமா எழுந்து சாட்சி சொன்னார். "பொருளாசையில் பெரிய பாவம் செய்தவன் நான். ஆண்டவர் பாதத்தில் விழுந்து அழுதேன். அவர் என்னை மன்னித்து சமாதானம் தந்துவிட்டார்." பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கம் பாயில் அம்மாவும் இருந்தார். கூட்டம் முடிந்ததும் மாமா அம்மாவைத் தாண்டித்தான் போய்ச் செருப்பைப் போட்டார். ஒரு வார்த்தை இல்லை.

யாரிடமிருந்து எடுத்தாரோ அவரிடம் வாய் திறக்காமல், தேவனிடம் மட்டும் அறிக்கையிட்டுப் பெற்ற மன்னிப்பு மன்னிப்புதானா?

கிருபையே போதும்:
பிரதர், உங்கள் அம்மாவின் வலி புரிகிறது. ஆனாலும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஆம், அது மன்னிப்புதான். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து" என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அங்கே வேறு நிபந்தனை எதுவும் இல்லை. தாவீது ஒருத்தியைக் கெடுத்து அவள் புருஷனையும் கொன்றவன். அவனே 51ஆம் சங்கீதத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறான். சிலுவையில் தொங்கின கள்ளன் திருடினதில் எதைத் திருப்பிக் கொடுத்தான்? அன்றைக்கே பரதீசு கிடைத்தது.

மாமா நிலத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துவின் இரத்தம் போதாது, பத்திரப் பதிவும் வேண்டும் என்று சொல்லத் தொடங்கினால் நம்மில் யாருக்கும் இரட்சிப்பு இல்லை.

மணப்பாட்டுக் கடலோரம்:
நான் கத்தோலிக்கன். கள்ளனின் கைகள் ஆணியில் இருந்தன, நண்பரே. மாமாவின் கைகள் அப்படி இல்லை. வருடாவருடம் அந்தப் பனைகளைப் பாட்டத்துக்கு விட்டுப் பணம் எண்ணுகிற கைகள் அவை.

எங்களிடம் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் தனியே பாவ அறிக்கை செய்ய, வரிசையில் நிற்போம். முறை வந்ததும் முழந்தாளிட்டு, கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதிலிருந்து தொடங்குவோம். "பேராசைப்பட்டேன் சாமி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. எதை, யாரிடமிருந்து என்று குரு கேட்பார். பொருள் என்றால் அடுத்த கேள்வி, "திருப்பிக் கொடுத்தாச்சா?" கொடுக்கும் எண்ணமே இல்லாதவன் மனம் வருந்தியதாகச் சொன்னால் பாவமன்னிப்பு ஆசீரைத் தள்ளிவைக்கக்கூட அவரால் முடியும். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் மூன்றும் சேர்ந்ததுதான் எங்களுக்கு ஒப்புரவு. உங்கள் மாமா எங்கள் பங்கில் இருந்திருந்தால், அழுத அன்றைக்கே ஒருவர் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். ஆறுதலாக அழுவது சுலபம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

கிருபையே போதும்:
தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று 1 தீமோத்தேயு 2:5 இருக்கும்போது இடையில் இன்னொரு மனுஷன் எதற்கு? ஆபத்தும் சின்னதல்ல. கேரளத்தில் பாவ அறிக்கையில் சொன்னதை வைத்து ஒரு பெண்ணை மிரட்டியதாக 2018இல் ஒரு சபையின் குருக்கள் மேல் வழக்கு வந்தது. அவர்கள் உங்கள் சபையார் இல்லை, தெரியும். ஆனால் தேசிய மகளிர் ஆணையமே அந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கும் அளவுக்குப் போனது.

மணப்பாட்டுக் கடலோரம்:
அந்தச் செய்தி வந்தபோது எங்கள் வீட்டுப் பெண்களும் கலங்கிப்போனார்கள், மறைக்கவில்லை. அதனால்தான் அந்த ரகசியத்துக்கு அவ்வளவு கடுமையான சட்டம். அதை நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்பட்டவர். கொலைகாரன் வந்து சொன்னாலும் போலீசிடம் சொல்லக் கூடாது. துரோகம் செய்கிற குரு இருக்கிறார் என்பதற்காக, எல்லோரும் தங்கள் மனசாட்சிக்குத் தாங்களே நீதிபதியாக உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? மாமா விஷயத்தில் நடந்தது அதுதானே? வழக்கும் அவரே, தீர்ப்பும் அவரே, விடுதலையும் அவரே.

தரங்கைக்காரன்:
இடையில் நுழைகிறேன், நான் லுத்தரன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கிய தரங்கம்பாடிதான் என் ஊர். குருவிடம் செய்யும் தனி அறிக்கையை எங்கள் சபையின் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் ஒழித்துவிட்டார் என்று பெந்தெகொஸ்தே நண்பர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1530இல் லுத்தரன்களின் அடிப்படை ஆவணமான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 11ஆம் பிரிவிலேயே தனிப்பட்ட பாவமன்னிப்பு சபைகளில் நிலைத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லாப் பாவத்தையும் பட்டியல் போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் எடுத்தார்கள். அதுவும் நல்ல காரணத்தோடு. ஒன்றை மறந்துவிட்டோமோ, மன்னிப்பு செல்லாதோ என்று பயந்து பயந்தே செத்தவர்கள் அந்தக் காலத்தில் உண்டு. லுத்தரே துறவியாக இருந்தபோது அந்தப் பயத்தில் மணிக்கணக்கில் அறிக்கை செய்தவர்.

அவர் அறிக்கையைப் பிரித்துப் பேசுகிறார். தேவனிடம் செய்வது ஒன்று, அயலானிடம் செய்வது ஒன்று. பரமண்டல ஜெபத்தில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. இவை இரண்டும் கட்டாயம். போதகரிடம் தனியே செய்வது ஆறுதலுக்காகக் கொடுக்கப்பட்டது, வேண்டுகிறவர் போகலாம். மாமாவின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைக்கிறார்.

தாவீதைப் பற்றி ஒன்று. 51ஆம் சங்கீதம் பாடும்போது அந்தப் பெண்ணின் புருஷன் உரியா உயிரோடு இல்லை. எங்கே போய் மன்னிப்புக் கேட்பான்? அதுவும் தாவீது தானாக உணரவில்லை. தீர்க்கதரிசி நாத்தான் நேரில் வந்து "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் அம்மா உயிரோடு, அதே ஆலயத்தில் இருக்கிறார்.

தேரிக்காட்டான்:
நன்றி ஐயா. எனக்கு உறுத்துவதும் அதுதான். எங்கள் ஆராதனையில் ஒவ்வொரு ஞாயிறும் பாவ அறிக்கை ஜெபம் உண்டு. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம், செய்யக் கூடாததைச் செய்தோம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறோம். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) பாவ விமோசனம் கூறுகிறார். அப்புறம் திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் மாமாவும் அம்மாவும் ஒரே வரிசையில் முழங்காலில் நிற்கிற ஞாயிறுகள் உண்டு. பாத்திரம் அவரிடமிருந்து அம்மாவிடம் நகர்கிறது. மத்தேயு 5:23, 24 என்ன சொல்கிறது? உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு. எண்ணாகமம் 5:7 இன்னும் தெளிவு. பாவத்தை அறிக்கையிட்டு, எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்கு விரோதமாகக் குற்றம் செய்தானோ அவனுக்கே கொடுக்கக்கடவன். இந்த வசனங்களையெல்லாம் மாமாவும் வாசிக்கிறவர்தான்.

கிருபையே போதும்:
மத்தேயு 5 ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்ன பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. அவன் மரத்தில் இருக்கும்போதே பேர் சொல்லிக் கூப்பிட்டார். கிருபை முதலில், கனி பின்னால். கனி வரத் தாமதமானால் மரமே பொய் என்று வெட்டிவிடாதீர்கள்.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு ஜெபக் குழுவில் யாக்கோபு 5:16ஐ வாசித்து, ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்று வற்புறுத்தினார்கள். ஒரு இளம்பெண் திருமணத்துக்கு முந்தைய விஷயம் ஒன்றைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. புகுந்த வீட்டுக்கும் போனது. அவள் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை. அந்த வீட்டுக்குப் போய் அவள் தாயோடு உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வந்தவன் நான். இது புதிய கதையும் இல்லை. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு சீமாட்டி செய்த அறிக்கை ஊர் அவதூறாகி, அதற்கென்றே இருந்த குருவின் பதவியை நெக்டாரியுஸ் பேராயர் எடுத்துவிட்டார். மனுஷரிடம் சொல் என்று சொல்லுமுன், கேட்கிற மனுஷர் யார் என்று பாருங்கள்.

தரங்கைக்காரன்:
அந்தப் பெண்ணுக்கு நடந்தது கொடுமை. அவள் அந்தக் குழுவில் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவர்களிடம் சொல்ல அவளுக்கு எந்தக் கடமையும் கிடையாது. மாமாவின் நிலை நேர் எதிர். சொல்லவேண்டிய ஒருவரை விட்டுவிட்டு, சொல்லத் தேவையில்லாத ஊரிடம் சொல்லியிருக்கிறார். அதுவும் எதை எடுத்தார், யாரிடமிருந்து எடுத்தார் என்பதை விட்டுவிட்டு.

உங்கள் எழுப்புதல் கூட்டங்களில் கொரியாவின் பியோங்யாங்கில் 1907இல் வந்த எழுப்புதலைப் பற்றிப் பேசுவார்கள், கேட்டிருப்பீர்கள். அங்கே சபை மூப்பர் கில் சோன்-ஜூ எழுந்து நின்று, இறந்துபோன நண்பர் தன்னை நம்பி ஒப்படைத்த சொத்திலிருந்து பணம் எடுத்ததைச் சொன்னார். பொருளாசை என்று பொதுவாகச் சொல்லவில்லை. யாருடைய பணம் என்று சொன்னார், அந்த விதவைக்குத் திருப்பித் தருவதாகவும் சொன்னார்.

கிருபையே போதும்:
பியோங்யாங் நியாயமான எடுத்துக்காட்டு. சாட்சி விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன். பாதிக்கப்பட்டவர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சமாதானம் கிடைத்தது என்று மைக்கில் சொல்லியிருக்கக் கூடாது. அது அம்மாவுக்குச் செய்த இரண்டாவது காயம். ஆனால் தேவன் அவரை மன்னிக்கவில்லை என்று சொல்ல நான் மாட்டேன். அது எனக்குத் தெரியாத இடம்.

வேம்படி அக்கா:
எல்லாருமே மாமாவின் ஆத்துமாவைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா?

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். அண்ணன் தம்பி சொத்தை எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் சபையில் நாலு பெரியவர்கள் வந்து "கிறிஸ்தவள்தானே, மன்னிச்சிடும்மா" என்பார்கள். அவள் மன்னித்துவிட்டேன் என்றதும் பங்கும் போய்விடும், பேச்சும் முடிந்துவிடும். மன்னிப்பது வேறு, பங்கை விட்டுக்கொடுப்பது வேறு. 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் கிறிஸ்தவ மகனுக்கும் மகளுக்கும் சமபங்குதான். தாத்தா எதுவும் எழுதாமல் இறந்திருந்தால் அம்மாவுக்கும் சித்திக்கும் பங்கு வந்திருக்கும். அந்தப் பத்திரம் எழுதப்பட்டதே அதைத் தடுக்கத்தான். லூக்கா 17:3இலும் ஆண்டவர் வெறுமே மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி என்கிறார்.

தம்பி, இந்த வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவிடம் கேளுங்கள். எங்களிடம் கேட்டது போதும்.

தேரிக்காட்டான்:
அக்கா, நேற்று ராத்திரி கேட்டேன். நிலத்தைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன். அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பனவெள வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா எங்கப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்யா. பத்திரத்துல ஏன் கைநாட்டு இருக்கு? அன்னைக்கு அவருக்கு நினைவு இருந்துதா, என்னைக் கேட்டாரா, என்ன சொன்னாரு? அது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அத எங்கிட்ட சொல்லட்டும்."

இவ்வளவு வருடமும் அம்மா இதை யாரிடமும் கேட்டதில்லை.

கிருபையே போதும்:
இதை வாசித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை, பிரதர். தேவன் மாமாவை மன்னித்தாலும் அம்மாவின் இந்தக் கேள்விக்குப் பதில் மாமா வாயிலிருந்துதான் வர வேண்டும். அதைக் கிருபையின் பேரில் அவர் அடைத்துவைக்க முடியாது. என் அடிப்படை நிலை மாறவில்லை. ஆனால் மாமாவிடம் பேச நானாக இருந்தால், "நீங்கள் மன்னிக்கப்படவில்லை" என்று தொடங்க மாட்டேன். "மன்னிக்கப்பட்டவர்தானே, இனி எதற்குப் பயம்? போய் அக்காவிடம் சொல்லுங்கள்" என்பேன்.

மணப்பாட்டுக் கடலோரம்:
நான் வேறு மாதிரிதான் தொடங்குவேன். ஆனால் போய்ச் சேருகிற வீடு ஒன்றுதான்.

தேரிக்காட்டான்:
சனிக்கிழமை சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போகலாம் என்று அம்மா சம்மதித்திருக்கிறார். ஐயரையும் கூட்டிக்கொண்டு போகட்டுமா? பத்திர நகல் என்னிடம் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளவா?

வேம்படி அக்கா:
வேண்டாம் தம்பி. மத்தேயு 18:15ஐ வாசியுங்கள், "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்றுதான் இருக்கிறது. சாட்சிகளைக் கூட்டிப் போவது அடுத்த வசனம். ஐயரும் நகலும் அதற்கு இருக்கட்டும். முதல் தடவை அம்மாவே தன் தம்பியிடம் கேட்கட்டும், நீங்கள் வெளித் திண்ணையில் இருங்கள். அத்தை காபி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.